விவிலியத்தைப் படிக்கும் வகை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அண்ணா, நீங்க பைபிள் படிப்பீங்கன்னு சொன்னாங்க. நானும் ஆரம்பிச்சேன். மூணாவது புத்தகத்துக்கு மேல போகவே முடியல. அதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டார். அவர் கிறித்தவர் அல்லர். ஆங்கில இலக்கியம் பயில்பவர். வகுப்பில் மில்டன் வந்ததால் விவிலியத்தைக் கையில் எடுத்தவர். குண்டானைத் தேய்த்துக்கொண்டே அன்று நான் சொன்னது பாதி. சொல்ல விட்டது பாதி. இரண்டையும் சேர்த்து இங்கே எழுத முயல்கிறேன்.

மூன்றாவது நூலாகிய லேவியராகமத்தில் நின்றுபோனவர் அவர் ஒருவர் அல்லர். காந்தியடிகளுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. 1888 முதல் 1891 வரை அவர் இலண்டனில் சட்டம் பயின்றார் அல்லவா? அங்கே மரக்கறி உணவு விடுதி ஒன்றில் மான்செஸ்டரைச் சேர்ந்த கிறித்தவர் ஒருவரைச் சந்தித்து, அவரிடமே விவிலியம் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஆதியாகமத்தைப் படித்து முடித்தார். அதற்குமேல் போகப் போகத் தவறாமல் தூக்கம் வந்துவிட்டது என்று தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். படித்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே பிடிவாதமாக மற்றப் பகுதிகளையும் தள்ளிக்கொண்டு போனாராம். எண்ணாகமம் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆனால், புதிய ஏற்பாட்டில் இயேசுவின் மலைச் சொற்பொழிவை அடைந்தபோது அது நேரே நெஞ்சுக்குள் சென்றது. அதைக் கீதையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தச் சொற்பொழிவு மத்தேயு நற்செய்தியில் மூன்றே அதிகாரம்தான். அந்த மூன்று அதிகாரங்கள் அவருடைய வாழ்நாள் முழுதும் உடன் வந்தன என்பதை நாடறியும்.

இதைக் கேட்ட இளைஞர், "அப்போ மத்ததெல்லாம் விட்டுடலாமா?" என்றார். விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டிய ஒரு நூல் அது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம் என்றேன்.

விவிலியம் ஒரு நூல் அன்று, ஒரு நூலகம். சீர்திருத்தச் சபையார் பதிப்பில் 66 நூல்கள். கத்தோலிக்கர் பதிப்பில் 73. எபிரேயம், சிறிது அரமேயம், கிரேக்கம் என மூன்று மொழிகளில், பல நூற்றாண்டுகளில், பலர் எழுதிச் சேர்ந்தவை. சட்டம் உண்டு, வம்சவரலாறு உண்டு, போர்க்கதை உண்டு, காதற்பாட்டு உண்டு, ஒப்பாரி உண்டு, பழமொழித் தொகுதி உண்டு, கடிதங்கள் உண்டு. எபிரேய எஸ்தர் நூலில் கடவுள் என்ற சொல்லே ஓரிடத்திலும் இல்லை! நம் எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் திருக்குறளையும் தேவாரத்தையும் ஒரு சோழர் கல்வெட்டுத் தொகுதியையும் ஒரே அட்டைக்குள் கட்டி ஒருவர் கையில் கொடுத்தால், அவர் முதற் பக்கத்தில் தொடங்கினால் என்ன ஆவார்? கல்வெட்டில் நிலத்தின் எல்லைகளைப் படித்துவிட்டு, 'தமிழ் இலக்கியம் என்றால் இவ்வளவுதானா?' என்று மூடி வைப்பார். பாட்டைப் பாட்டாகவும் சட்டத்தைச் சட்டமாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் படிக்க வேண்டும். எந்த வகை நூல் நம் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டாலே பாதித் தடை நீங்கும்.

நிற்க. இன்னொரு தடை உண்டு. அது படிக்காதவர்களுக்கு அன்று, நிறையப் படிப்பவர்களுக்கே வருவது.

விவிலியத்தில் நாம் காணும் அதிகார எண்களும் வசன எண்களும் மூல ஆசிரியர்கள் இட்டவை அல்ல. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவரால் அமைந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை இராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் 1551-இல் தம் பதிப்பில் இட்டார். தேடி எடுக்க இவை மிகவும் உதவுகின்றன. ஆனால் ஒரு தீமையும் விளைந்தது. எண் இட்டவுடனே ஒவ்வொரு வசனமும் தனித்தனியே நிற்பது போலத் தோன்றலாயிற்று. தமிழராகிய நமக்கு இத்தோற்றம் இன்னும் எளிதில் ஏற்படுகிறது. ஏனெனில் நாம் குறள் படித்துப் பழகியவர்கள். குறள் ஒவ்வொன்றும் தனியே நிற்கும்படி செய்யப்பட்டது. ஒன்றை எடுத்துச் சுவரில் எழுதினாலும் பொருள் கெடாது. விவிலியத்தில் நீதிமொழிகள் நூலை அப்படிப் படிக்கலாம். மற்ற நூல்களையும் அப்படியே படித்தால் இடறுவோம்.

ஓர் எடுத்துக்காட்டு. தொடக்கம் சிறியதாயினும் முடிவு மிகப் பெரிதாகும் என்னும் கருத்துடைய வசனம் ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைத் திறப்பு அழைப்பிதழ்களிலும் புத்தாண்டு அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் தவறாமல் இருக்கும். யோபு நூலின் 8-ஆம் அதிகாரத்தில் வருவது. அதைச் சொன்னவர் யார்? கடவுள் அல்லர், தீர்க்கதரிசியும் அல்லர். பில்தாத் என்னும் ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுவின் எதிரில் அமர்ந்து, 'உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால் மாண்டார்கள். நீ நல்லவனாயிருந்தால் இனி நன்றாயிருப்பாய்' என்று பேசும் பேச்சின் நடுவே அந்த வசனம் வருகிறது. நூலின் இறுதியில், இந்த நண்பர்கள் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளே சினந்து கூறுகிறார்! அட்டையை அச்சிட்டவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனத்தோடுதான் அச்சிட்டார். ஆயினும் அந்த வசனம் யார் வாயிலிருந்து, யார் காதில் விழுந்தது என்று ஒருமுறை அறிந்தவனுக்கு அந்த அட்டையைப் பார்க்கும்போது நெஞ்சு குறுகும்.

எனக்குக் குறுகியதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது.

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது, மார்கழிக் குளிரில், ஓர் இரவு பத்து மணிக்கு என் அறைத்தோழனுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அவன் தந்தையார் இறந்துவிட்டார். பனிமூட்டத்தால் வண்டிகள் எல்லாம் தாமதம். விமானச் சீட்டு வாங்கப் பணம் திரட்டி, மறுநாள் பிற்பகல்தான் அவனை அனுப்ப முடிந்தது. அந்த இரவு முழுதும் நான் அவன் கட்டிலருகே இருந்தேன். இருந்ததோடு நிற்கவில்லை; பேசினேன். "காலம் எல்லாத்தையும் ஆத்தும்டா" என்றேன். "நீதான் இனி அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்றேன். "அப்பா கஷ்டப்படாம போனாரே, அதை நினைச்சுக்கோ" என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாம் ஏதோ நன்மைக்கே நடக்கிறது என்றும் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நல்ல ஆறுதல் கூறிவிட்டதாக நான் மனநிறைவோடு உறங்கினேன். காரியம் முடிந்து அவன் திரும்பி வந்தபின் எங்களிடையே பழைய பேச்சு இல்லை. அடுத்த பருவத்தில் வேறு அறைக்கு மாறிக்கொண்டான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவன்தான் நன்றி இல்லாதவன் என்றுகூட ஓரிருமுறை எண்ணியிருக்கிறேன்.

பிறகு ஒரு கோடையில் யோபு நூலை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அதுவரை அது 'பொறுமையின் கதை' என்றே கேள்விப்பட்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். பொறுமை முதல் இரண்டு அதிகாரங்களில்தான். அவை உரைநடையில் உள்ளவை. மூன்றாம் அதிகாரத்தில் செய்யுள் தொடங்குகிறது. யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதிலிருந்து ஏறக்குறைய நூல் முழுதும் வழக்குரைக்கும் குரல்தான். கடவுளைக் குற்றக்கூண்டில் ஏற்றாத குறை. நண்பர்களோ கடவுள் பக்கம் நின்று வாதாடுகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். பிற்பாடு எலிகூ என்ற இளைஞரும் சேர்ந்துகொள்கிறார். எலிப்பாஸின் முதற் பேச்சு மிக மென்மையானது, பண்பானது. ஆனால் யோபு இணங்காதபோது அவர் தொனி ஏறிக்கொண்டே போகிறது. 22-ஆம் அதிகாரத்தில், யோபு ஏழைகளின் ஆடையைப் பறித்தார், தாகித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினார் என்று அடுக்குகிறார். இவற்றில் ஒன்றுகூட உண்மை அன்று. தம் கொள்கை பொய்த்துவிடக் கூடாதே என்பதற்காக நண்பன்மேல் குற்றங்களைப் புனைகிறார்! 'துன்பம் வந்ததென்றால் தவறு செய்திருக்க வேண்டும். உலகம் ஒழுங்காகத்தான் நடக்கிறது' என்பது அவர் கொள்கை. யோபு குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டால் தமக்கும் நாளை அப்படி நேரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! அந்த அச்சத்தில்தான் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது.

இவ்வளவும் பிறகு தெரிந்தது. என்னை முதலில் நிறுத்தியது வேறு ஓர் இடம். இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் அந்த மூன்று நண்பர்களும் தொலைவிலிருந்து புறப்பட்டு வருகிறார்கள். யோபுவை அடையாளம் தெரியாமல் அழுகிறார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்லது அது ஒன்றே. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பின்னால் யோபுவே, நீங்கள் பேசாமலிருந்தால் அதுவே உங்களுக்கு அறிவுடைமை என்று கசந்து சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கட்டிலும், சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகும், என் குரலும் நினைவுக்கு வந்தன. யோபுவின் இடத்தில் என்னை வைத்துப் படிக்கலாம் என்றுதான் அந்த நூலை எடுத்திருந்தேன். எனக்கும் அப்போது சில துன்பங்கள் இருந்தன. ஆனால் நூல் எனக்குக் காட்டிய இடம் எலிப்பாஸின் இடம்.

விவிலியத்தில் 'எனக்கென்று ஒரு பொருள்' தேடுவதைப் பற்றி நான் கண்டதில் முக்கியமானது இதுதான். நாம் தேடிப்போகும் பொருள் பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். நமக்கு வேண்டிய ஆறுதலை நாமே கொண்டுபோய், அதற்கு ஏற்ற வசனத்தைக் கண்டு, அதை நூல் தந்ததாக எண்ணிக்கொள்வோம். முழு நூலையும் அதன் போக்கில் விட்டுப் படிக்கும்போதுதான், நாம் கொண்டுபோகாத ஒன்று எதிரே வருகிறது.

கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல்பட்ட வசனத்தைப் படிக்கும் வழக்கம் உண்டு. நம் சைவர்களிடம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் இல்லையா, அதுபோன்றது. அகுஸ்தீன் 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில், எடுத்துப் படி என்னும் பொருள்பட ஒரு குழந்தையின் குரலைக் கேட்டு, பவுலின் உரோமர் மடலைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியால் வாழ்க்கையே மாறினார் என்பர். அது மெய்தான். ஆனால் அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் உள்ளத்துக்குள் போராடியவர்; அம்புரோசின் விரிவுரைகளைக் கேட்டவர்; பவுலின் மடல்களை ஏற்கெனவே ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தவர். விறகெல்லாம் அடுக்கி வைத்திருந்த இடத்தில் பொறி விழுந்தது. வெறுந்தரையில் விழுந்தால் என்ன பற்றும்?

12-ஆம் நூற்றாண்டில் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி, படித்தல், எண்ணிப் பார்த்தல், வேண்டுதல், காட்சியில் நிலைத்தல் என்று நான்கு படிகளை வகுத்து எழுதினார். அக்காலத்துத் துறவியர் இரண்டாம் படியைப் பசு இரை மீட்பதற்கு ஒப்பிட்டனர். தமிழில் அதற்கு உவமை தேட வேண்டியதே இல்லை. 'அசைபோடுதல்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்க்கும் முதல் இரண்டு படிகள் திறந்தே இருக்கின்றன என்பது என் கருத்து. மூன்றாவதும் நான்காவதும் அவரவர் நெஞ்சைப் பொறுத்தவை. அதில் நான் தலையிட மாட்டேன்.

தமிழில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க், 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பிறகு பப்ரிசியு முதலியோர் உழைத்தனர். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் வழங்கும் மொழிபெயர்ப்பு, பவர் தலைமையிலான குழு 1871-இல் நிறைவேற்றியது. 1995-இல் கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். பழையதில் வடசொல் மிகுதி. புதியதில் தமிழ்ச்சொல் மிகுதி. நாம் சொல்ல வருவது அந்தச் சண்டை அன்று. பிரசங்கி என்னும் நூலில் முப்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் எபிரேயச் சொல் ஒன்று 'ஹெவெல்' என்பது. அதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. குளிர்காலக் காலையில் நாம் வாய் திறந்தால் வெளிவந்து மறைகிறதே, அது. பழைய மொழிபெயர்ப்பு அதை 'மாயை' என்கிறது. புதியது 'வீண்' என்கிறது. மாயை என்றவுடன் நம் மனம் சங்கரரிடம் போய்விடுகிறது. உலகம் தோற்றமே என்று ஆசிரியர் சொல்வதாக எண்ணுகிறோம். வீண் என்றாலோ பயனின்மை மட்டுமே தெரிகிறது. அவர் சொல்வது இரண்டும் அன்று. உலகம் உண்மைதான், ஆனால் கையில் பிடிக்க முடியாது, நிற்காது என்கிறார். ஆகவேதான், கிடைக்கும்போது மகிழ்ந்து உண், அன்பு மனைவியோடு வாழ் என்று அதே நூலில் அவரால் சொல்ல முடிகிறது. ஆதியாகமத்தில் அண்ணன் கையால் மாண்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்! இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவை வேறுபடும் இடத்தில் நின்று, ஏன் என்று கேளுங்கள். அங்கேதான் நூல் பேசத் தொடங்கும்.

வீட்டை விட்டு இவ்வளவு தொலைவில் இருக்கும் நமக்கு இன்னொரு பகுதியையும் சொல்ல வேண்டும். எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி. மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமைப் பணியவைத்து, அரசனையும் கைவினைஞர்களையும் பிறரையும் பாபிலோனுக்குக் கொண்டு சென்றனர். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவர் எருசலேமில் முழங்கினார். பாபிலோனிலும் அதே பாட்டைப் பாடியவர்கள் இருந்தனர். எரேமியா மாறாக எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரத்தின் நலத்துக்காகவே வேண்டுங்கள், எழுபது ஆண்டு ஆகும் என்று. நல்ல எதிர்காலம் உண்டு என்று அதே கடிதத்தில் வரும் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து, தேர்வுக்கு முன் ஒருவருக்கொருவர் கைப்பேசியில் அனுப்பிக்கொள்கிறோம். எழுபது ஆண்டு என்றால் அக்கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அதை அறிந்து படித்தால் அந்த நம்பிக்கை மலிவாகத் தோன்றாது. நாம் நாடுகடத்தப்பட்டவர்கள் அல்லர். சீட்டு வாங்கி வந்தவர்கள். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் பெட்டியை முழுதும் பிரிக்காமலே, 'படிப்பு முடிந்தால் போய்விடலாம்' என்று இந்நகரத்தின் மொழியைக்கூடக் கற்காமல் நான் கழித்ததை அக்கடிதம் எனக்கு நினைவூட்டியது.

அறைத்தோழனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. யோபுவைப் படித்த அந்தக் கோடை கழிந்து திரும்பியதும் அவனைத் தேடிப் போனேன். மெஸ்ஸில் தனியாக உண்டுகொண்டிருந்தான். "அன்னிக்கு ராத்திரி ரொம்பப் பேசிட்டேன்டா" என்றேன். அவன் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா. ரொம்பப் பேசினே" என்றான். பிறகு ஊறுகாய்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். இன்றுவரை அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

எங்கே தொடங்கலாம் என்பவர்களுக்கு: மாற்கு நற்செய்தி 16 அதிகாரம், ஒரு மாலையில் முடியும். ரூத் நான்கே அதிகாரம். மாமியாரும் மருமகளும் பஞ்சத்தைக் கடந்த கதை. சங்கீதங்கள் 150-இல் புகழ்ச்சி மட்டும் இருக்குமென்று எண்ண வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. யோபு 42 அதிகாரம். விடுமுறைக்கு ஊர் செல்லும் வண்டியில் போபாலில் எடுத்தால் நாகபுரி வருவதற்குள் முடித்துவிடலாம். லேவியராகமம் காத்திருக்கட்டும்.

பாத்திரம் கழுவ வந்த இளைஞர் மாற்குவை எடுத்துக்கொண்டார். சென்ற வாரம் நூலக வாயிலில் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பழைய கையெழுத்துப் படிகள்ல மாற்கு 16-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோட, அந்தப் பெண்கள் பயந்து ஓடறதோட நின்னுடுதாமே. அடிக்குறிப்புல போட்டிருக்கு. யாராவது ஒரு கதையை அப்படி முடிப்பாங்களா?" என்று கேட்டார். அன்று முழுதும் அதையே அசைபோட்டுக்கொண்டிருந்தாராம். நானும் அன்றிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.